ரத்தம் படிக்கப் பழகும் கண்

எம்.பி.பி.எஸ். மாணவர் முன் இரண்டு ரத்த ஸ்லைடுகள். இரண்டிலும் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிக் கிடக்கின்றன. ஒன்று இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை. மற்றது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவரின் ரத்தம். முன்னவருக்கு இரும்பு மாத்திரை பலன் தரும். பின்னவருக்கு அந்தக் குறை இல்லாவிட்டால் மாத்திரை வீண். பீட்டா தலசீமியாவில் கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் முழுமையாக வர 25 சதவீத வாய்ப்பு உண்டு.

இந்த வேறுபாட்டைப் பிடிக்கக் கண்ணை எப்படிப் பழக்குவது?

பழைய ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியில் ஒருவர்தான் பார்க்க முடியும். ஆசிரியர் "தெரியுதா?" என்பார். "தெரியுது சார்" என்று பதில் வரும். மாணவர் உண்மையில் எந்த அணுவைப் பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஸ்லைடு முழுவதையும் ஸ்கேன் செய்து, செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்குவதுபோலப் பார்க்கலாம். சந்தேகப்படும் அணுவை மாணவரே வட்டமிட்டுக் காட்டலாம்.

ஆனால் கருவி மட்டும் போதாது. எந்த வரிசையில் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். இந்த வாரம் இரும்புக் குறைவு, அடுத்த வாரம் தலசீமியா என்று நடத்தினால், விடையைக் கால அட்டவணையே சொல்லிவிடும். இசிஜி பயிற்சி பற்றி 2003இல் வெளியான ஆய்வில், நோய்களைக் கலந்து பழகிய மாணவர்களே கூடுதலாகச் சரியாகக் கண்டறிந்தார்கள்.

அடுத்தது, நினைவுகூரல். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

இரண்டையும் சேர்த்தால் பாடம் இப்படி அமையும். வாரந்தோறும் கலந்துபோட்ட ஐந்து ஸ்லைடுகள்; பழையவையும் இடைவெளி விட்டுத் திரும்ப வரும். விடையைத் திறக்கும் முன் முடிவையும் காரணத்தையும் எழுத வேண்டும். பிறகே எண்கள்: சிவப்பணுவின் சராசரிக் கனஅளவை (எம்.சி.வி.) அணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்குக் கீழ் வருகிறதா? தலசீமியா பக்கம் சந்தேகம் சாயும். 1973இல் மருத்துவர் மென்ட்சர் சொன்ன இந்தக் கணக்கு ஒரு துப்புதான். உறுதிசெய்ய ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனைகள் வேண்டும்.

ரத்தத் துளியைக் கண்ணாடியில் சீராக இழுப்பதையும், லீஷ்மன் சாயம் ஏற்றுவதையும் திரை கற்றுத்தராது. அதற்குக் கைதான் பழக வேண்டும். கண்ணைப் பழக்க, ஆசிரியர் தன் கேள்வியை மாற்றினால் போதும்: "எதை வெச்சுச் சொல்றே?"