பூட்டைத் தேடிப் போகும் வேன்

ராசிபுரத்தில் சித்தப்பா பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள், கூடப் படித்தவர்கள் என்று எட்டுப் பேர் சேர்ந்தால் வழக்கமாக ஏற்காடு, இல்லாவிட்டால் கொல்லிமலை. இந்த முறை பெங்களூரு போய் ஒரே நாளில் மூன்று எஸ்கேப் ரூம் விளையாடுவோம் என்று அவர்களில் ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "காசு குடுத்து நம்மளையே உள்ள வெச்சுப் பூட்டிக்கணுமா?" என்று வீட்டில் அத்தை கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு அந்த அறையைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய பங்களா போலவோ, துப்பறிவாளர் அலுவலகம் போலவோ ஜோடித்த ஓர் அறை. நாலைந்து பேரை உள்ளே விட்டு 60 நிமிடக் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். மேசை, அலமாரி, படச்சட்டம், கம்பளத்துக்கு அடி என்று எங்கெங்கோ துப்புகள். ஒரு துப்பு ஒரு பூட்டைத் திறக்கும். அதற்குள் இன்னொரு துப்பு இருக்கும். கடைசிப் பூட்டு வாசல் கதவு. இன்னொரு அறையிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பவரை கேம் மாஸ்டர் என்கிறார்கள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் குறிப்பு கொடுப்பது அவர் வேலை.

இது பிறந்தது கணினித் திரையில். ஜப்பானியரான தோஷிமிட்சு தகாகி 2004-இல் 'கிரிம்சன் ரூம்' என்ற இணைய விளையாட்டை வெளியிட்டார். பூட்டிய அறை ஒன்றில் சுட்டியால் அங்குமிங்கும் தட்டி வழி தேட வேண்டும். 2007-இல் கியோட்டோ நகரில் தகாவோ காட்டோ என்பவர் அதே எண்ணத்தை நிஜ அறைக்குக் கொண்டுவந்து ஆட்களை உள்ளே விட்டார். 2011-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பாராபார்க் தொடங்கியது. ஐரோப்பா முழுக்க இது பரவ அதுவே வழிவிட்டது.

பூட்டுகளில் எளியது நம்பர் பூட்டு. மூன்று எண் வளையம் என்றால் 000 முதல் 999 வரை 1,000 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி பிடித்தால் மொத்தம் 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம். யோசிக்காமல் திருப்பிக்கொண்டே இருப்பவருக்கு ஆட்டமே அதிலேயே முடிந்துபோகும். ஆனால் மூன்று எண்களும் தெரிந்து, வரிசை மட்டும் தெரியவில்லை என்றால் அதிகபட்சம் ஆறே முயற்சி. வரிசையோடு இரண்டு எண்கள் தெரிந்து ஒன்று மட்டும் தெரியாவிட்டால் பத்து முயற்சி. அரைகுறைத் துப்புக்குக்கூட எவ்வளவு விலை என்பது அந்த அறைக்குள் நின்றால் தெரியும். சாவிப் பூட்டுகளுக்கும் அங்கே இடம் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டு, அதிலும் அந்த மாங்காய்ப் பூட்டு, இப்படி ஓர் அறையில் தொங்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

சாவியே இல்லாமல் திறக்கும் கதவுதான் எல்லோரையும் வாய்பிளக்க வைப்பது. மேசையில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்ததும் எதிர்ச்சுவரில் கதவு தானாக விடுபடும். சொம்பின் அடியில் சிறு காந்தம் ஒட்டியிருக்கும். மேசைப் பலகைக்குக் கீழே ரீட் ஸ்விட்ச், அதாவது ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகில் வந்ததும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று பூர்த்தியாகும். அந்தச் செய்தி ரிலேவுக்குப் போக, கதவு நிலையில் பொருத்திய மின்காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை ரிலே துண்டிக்கும். அதுவரை 12 வோல்ட்டில் கதவின் இரும்புத் தகட்டை 200 கிலோவுக்கும் மேலான விசையோடு பிடித்திருந்த காந்தம் சட்டென்று கைவிட்டுவிடும். நாமக்கல்லில் லாரிக்கு ஒயரிங் செய்யும் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் ரிலே பழக்கமான பொருள்தான். ஹாரனுக்கும் முகப்பு விளக்குக்கும் அவர் பூட்டுகிற அதே சமாசாரம் இங்கே மாயமாக நிற்கிறது.

இந்தப் பூட்டில் எனக்கு மிகப் பிடித்த குணம், கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ளும் என்பது. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்தது. பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியேற முடியாமல் இறந்துபோனார்கள். அதனால் முன்பதிவு செய்யும்போது கட்டணத்தைக் கேட்கும் முன் கேட்க வேண்டியவை இவை: கரண்ட் போனால் கதவு திறக்குமா? உள்ளிருந்தே திறக்கும் அவசரப் பொத்தான் இருக்கிறதா? இன்னொரு வழி உண்டா? தயங்கிப் பதில் சொல்லும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அத்தைக்கும் இதுதான் பதில்: நல்ல அறையில் யாரையும் உண்மையில் பூட்டி வைப்பதில்லை.

இனி எட்டுப் பேர் கணக்கு. கனடாவில் பேராசிரியராக இருந்த ஸ்காட் நிக்கல்சன் 2015-இல் உலகெங்கும் 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் கேட்டுத் தொகுத்தார். ஒரு குழுவின் சராசரி நாலரைப் பேர். நேரத்துக்குள் வெளியே வந்த குழுக்கள் நூற்றுக்கு 41. எட்டுப் பேரும் ஒரே அறைக்குள் போகக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் அறையின் அமைப்பு. சில அறைகள் சங்ககிரிக் கோட்டை மாதிரி; ஒரு வாசலைத் தாண்டினால்தான் அடுத்த வாசல். அங்கே ஒரு நேரத்தில் ஒரே புதிர்தான் இருக்கும், இரண்டு பேர் அதைத் தீர்க்க மற்ற ஆறு பேரும் முதுகைப் பார்த்து நிற்பார்கள். சில அறைகள் வாரச்சந்தை மாதிரி. எல்லாக் கடையும் திறந்திருக்கும், ஆளுக்கொரு பக்கம் போய்ப் பொறுக்கி வந்து கடைசியில் ஒன்றாகச் சேர்க்கலாம். உங்கள் அறை எந்த வகை என்று கேட்டால் கேம் மாஸ்டர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

எனவே நாலு நாலாகப் பிரியுங்கள். ஒரே இடத்தில் இரண்டு அறைகளை எடுத்து, ஒரு குழு இதில், மறு குழு அதில், முடிந்ததும் மாறிக்கொள்ளலாம். விளக்கம் சொல்ல கால் மணி, ஆட்டம் ஒரு மணி, முடிந்தபின் விட்டதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கால் மணி, ஆக அறைக்கு ஒன்றரை மணி நேரம். பத்தரைக்குத் தொடங்கினால் ஒன்றரைக்குச் சாப்பாடு. இரண்டு குழுவும் மாறி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் வாய் திறக்கக் கூடாது. மூன்றாவது அறை மூன்று மணிக்கு. இருப்பதிலேயே கடினமானதைக் கடைசியில் வைக்கவே வேண்டாம். மூன்றாவது அறைக்குள் நுழையும்போது மூளை களைத்திருக்கும், கண்ணெதிரே இருப்பதே தெரியாது. கதையும் காட்சியும் நிறைந்த இலகுவான அறைதான் அந்த நேரத்துக்குச் சரி. அதற்கும் நாலு நாலுதான். ஒரே நேரத்தில் இரு குழுவுக்கும் இடம் கிடைக்கும் நிலையமாகப் பாருங்கள்.

குழுவைப் பிரிப்பதிலும் யோசனை வேண்டும். துப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வேகமாகப் படிப்பவர் ஒருவர் இரண்டு பக்கமும் இருக்கட்டும். இடுக்கில் கைவிட்டுத் தேடுபவர் ஒருவர், எண்களில் ருசி உள்ளவர் ஒருவர். நாலாவது ஆள், கிடைத்ததையெல்லாம் உரக்கச் சொல்பவர். இந்த நாலாவது ஆளைத்தான் நான் முதலில் தேடுவேன். சிவப்பு நூலைக் கண்டவர் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டால், சிவப்புக் கட்டத்தை வைத்துக்கொண்டு மற்றவர் இருபது நிமிடம் தவிப்பார். திறந்த பூட்டிலேயே சாவியை விட்டுவிடுவதும் நல்ல பழக்கம். அதே சாவியை எடுத்து இன்னொரு முறை அலைய வேண்டாம்.

ராசிபுரத்திலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர்; காலை ஐந்துக்கே வேன் கிளம்ப வேண்டும். ஓட்டுநரை ஒன்பதாவது ஆட்டக்காரராகச் சேர்க்க நினைக்காதீர்கள். எட்டுப் பேர் விளையாடும் நேரத்தில் அவர் படுத்துத் தூங்க நல்ல இடம் பார்த்துக் கொடுங்கள். இரவில் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் இறக்கம் காத்திருக்கிறது. லாரித் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த இறக்கத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் பிள்ளைகள் தாங்களே ஓர் அறை செய்ய ஆசைப்படுவார்கள். அதற்கு ரிலேகூட வேண்டாம், ஒரு தகரப் பெட்டியும் மூன்று எண் பூட்டும் போதும். பெட்டிப் பக்கத்தில் பல்லாங்குழிப் பலகையை வையுங்கள். பதினான்கு குழிகளிலும் புளியங்கொட்டை. மூன்று குழிகளின் விளிம்பில் மட்டும் மஞ்சள், குங்குமம், விபூதி. அந்த மூன்று குழிகளில் உள்ள கொட்டைகளை எண்ணினால் பூட்டின் எண்கள் வந்துவிடும், ஆனால் எது முதலில்? வரிசை பூஜை அலமாரித் தட்டில் இருக்கிறது: விபூதி, மஞ்சள், குங்குமம். அந்தத் தட்டைத் தினமும் எடுத்து வைக்கும் அத்தையை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதில்தான் இனிச் சண்டை வரும்.