சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

(இளம் வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

கேரவன் என்ற சொல்லைக் கேட்டதும் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் இடையே இளைப்பாறும் குளிர்சாதன வண்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. மேல்நாடுகளில் அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வாகனம். அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனம் 1930-களிலேயே அலுமினியத் தகட்டால் உருண்டை வடிவில் இழுவை வீடுகளைச் செய்து விற்றது. அவற்றில் பழையவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பது அங்கே பலருக்கு இன்றும் பொழுதுபோக்கு. நம் ஊரில் அத்தகைய பொழுதுபோக்குக்கு இடமில்லை. ஆனால் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கி, ஆண்டில் எட்டு ஒன்பது மாதங்களைச் சாலையிலும் காட்டிலும் கழிப்பவர்கள் திருச்செங்கோட்டைச் சுற்றி ஏராளம். நம் வகுப்புகளில் ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை இல்லாத பெஞ்சு குறைவு.

ரிக் என்று ஒருமையில் சொன்னாலும் அது இரட்டை வண்டி என்பதை வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். முதல் லாரியில் துளையிடும் இயந்திரமும் அதன் கோபுரமும் இருக்கும். பின்னால் வரும் இரண்டாவது லாரியில் கம்ப்ரசரும், அதை ஓட்டும் டீசல் எஞ்சினும், ராடுகளும் இருக்கும். கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்று ராடுகளின் உள்வழியே இறங்கி, அடியிலுள்ள ஹேமரை இயக்குகிறது. ஹேமர் பிட்டைப் பாறையில் ஓயாமல் அடிக்கிறது. பொடியான பாறையை அதே காற்று மேலே தள்ளிவிடுகிறது. ஒரு ராடு 20 அடி என்றால், 1000 அடி ஆழத்துக்கு 50 ராடுகள் வேண்டும். அத்தனையும் இரண்டாவது லாரியின் மேல்தான். கேசிங் குழாய், வெல்டிங் செட், டீசல் பேரல், தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, அடுப்பு, பத்துப் பேரின் பெட்டி படுக்கை ஆகியவையும் அதன் மேல்தான். ஆகவே எங்கள் வீட்டில் அதற்குக் கம்ப்ரசர் வண்டி என்ற பெயர் நிலைக்கவில்லை. சாமான் வண்டி என்றே சொல்லுவோம்.

என் தந்தையார் பதினாறு ஆண்டுகள் பிறர் வண்டியில் வேலை செய்தவர். ஹெல்பராகச் சேர்ந்து டிரில்லர் ஆனவர். 2023-ஆம் ஆண்டு என் தாய்மாமன் ஒரு ரிக்கில் பங்கு வாங்கினார். அதற்குத் துணையாகப் பழைய கம்ப்ரசர் வண்டி ஒன்றை நாங்கள் வாங்கிச் சேர்ப்பது என்று ஏற்பாடாயிற்று. அம்மாவின் எட்டுப் பவுன் அடகுக்குப் போயிற்று. அந்த ஓராண்டில் நான் கண்டதையும் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கற்றதையும் எழுதினால், அடுத்துப் பழைய வண்டி வாங்கப் போகும் வீடுகளுக்கு உதவும் என்பது என் எண்ணம்.

வாங்கும் காலம் முக்கியமானது. வடமாநிலங்களில் ஜூனில் மழை பிடித்ததும் துளைபோடும் வேலை நின்றுவிடும். வைகாசி விசாகத் தேரையொட்டி வண்டிகள் ஊர் திரும்பத் தொடங்கும். ஆயுத பூஜை முடிந்து அவை மறுபடி புறப்படும்வரை பட்டறைகளில் நிற்க இடம் கிடைக்காது. இந்த நான்கு மாதங்களில்தான் பழைய வண்டிகள் கைமாறுகின்றன. எல்லாரும் கம்ப்ரசரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் தவறில்லை, விலையின் பெரும்பகுதி அதிலேதான் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, காற்றழுத்தம் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, ஏறியது நிற்கிறதா, வெளிவரும் காற்றில் ஆயில் கலந்திருக்கிறதா என்று காது கொடுத்தும் கை நீட்டியும் பார்க்க வேண்டும். அதன்பின் லாரியின் அடியில் படுத்துச் சேசிஸைப் பார்க்க வேண்டும். கம்ப்ரசரின் அதிர்வு ஓயாத அதிர்வு. கிராஸ் மெம்பர் சேரும் இடங்களில் மயிரிழை விரிசல் விட்டு, அதன்மேல் வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்ப்பது அநாகரிகம் அல்ல.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். என் கருத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் கெட்டால் மாற்றலாம், எழுத்து கெட்டால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். நாங்கள் பார்த்த வண்டி 2006 ஜூலையில் கர்நாடகத்தில் பதிவானது. இது இங்கே அதிசயமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47-ஆம் பிரிவின்படி, ஒரு வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். ஊர் ஊராகத் துளைபோடும் வண்டிகள் எண்ணையும் மாற்றிக்கொண்டே போகின்றன. அதைத் திரும்ப இங்கே கொண்டுவர, அங்குள்ள அலுவலகம் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று தர வேண்டும்.

அந்தச் சான்றுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் ஹைப்போதிகேஷன் குறிப்பு இருந்தது. கடன் என்றோ தீர்ந்துவிட்டது, நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. குறிப்பு மட்டும் உயிரோடு இருந்தது. கடன் தீர்ந்ததென்று 35-ஆம் எண் படிவத்தில் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்டால்தான் அது நீங்கும். ஆளில்லாத நிறுவனத்துக்குக் கையெழுத்திட ஆள் தேடினோம். விற்றவர் நல்லவர். பழைய பங்குதாரர் ஒருவர் ஈரோட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, தாமே கூட வந்து கையெழுத்து வாங்கித் தந்தார். அதுவரை மாமா முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. "எழுத்து வரட்டுமுங்க, பணம் எங்கயும் போகாது" என்பதே அவர் பேச்சு. அந்த ஐந்து வாரமும் அம்மா அடகுச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாள்; இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். படிவத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்ட வேண்டும். பழைய வண்டியில் அந்த எழுத்து துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் கிடக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மிக மெல்லிய எமரித் தாளால் தடவினால் போதும். கிரைண்டர் வைத்தால் எண்ணே போய்விடும். பிறகு அது திருட்டு வண்டி அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். லாரியின் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அதுவும் 14 நாளுக்குள் தெரிவிக்கப்பட்டு ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. எவை போக்குவரத்து வாகனம், எவை அல்ல என்று மத்திய அரசு 5-11-2004 அன்று ஓர் அட்டவணை வெளியிட்டது. ரிக், ஜெனரேட்டர், கம்ப்ரசர் பொருத்திய வண்டிகளும் டிரெய்லர்களும் அதில் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் வரிசையில் உள்ளன. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வண்டியும் டிரெய்லரும் அதே வரிசையில்தான் சில வரி தள்ளி வருகின்றன. அமெரிக்கரின் விடுமுறை வீடும் எங்கள் சாமான் வண்டியும் சட்டத்தின் கண்ணில் பங்காளிகள்! இவ்வகையில் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1-4-2022 முதல் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் பன்மடங்காகிவிட்டது. சரக்கு வண்டி என்று எழுதப்பட்ட ஆர்.சி. என்றால் கணக்கே வேறு. எட்டு வயதுக்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும். ஆகவே வாகன வகை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் விலை பேசக் கூடாது.

2021 ஜூலையில் வந்த வேறொரு விதியையும் சொல்ல வேண்டும். 50 வயது கடந்த, மூல உருவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெருமை வாகனங்களாகப் பதிந்து, "வி.ஏ." என்னும் எழுத்துள்ள தனி எண் பெறலாம். ஆனால் அவற்றை வாணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. வேலை செய்யாத முதுமைக்குத்தான் பட்டம் கிடைக்கும் போலும். உழைக்கும் கிழட்டு லாரிக்குக் கட்டண உயர்வுதான்.

சான்று வந்து, தமிழ்நாட்டு வரி கட்டி, டி.என். 34 எண் கிடைப்பதற்குள் பட்டறை வேலையும் நடந்தது. ஸ்பிரிங் பட்டை மாற்றியது, பிரேக் லைனர் அடித்தது, ஒயரிங் முழுவதும் புதிதாக இழுத்தது முதலியவற்றை விரிக்கவில்லை. எல்லா லாரிக்கும் உள்ளவையே. பேச்சு வந்தது பரணில்தான். கேபினுக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி அடித்து, மேலும் கீழுமாக ஆட்களைப் படுக்க வைப்பது வழக்கம். படுக்கலாம், உட்கார முடியாது. கம்ப்ரசரின் சூடு தகரத்தில் ஏறும். வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் பக்கவாட்டில் நீட்டவும் வழியில்லை. அப்பா ராடு அடுக்கும் தாங்கியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். ஆள் உட்கார்ந்தால் தலை முட்டாத உயரம், இருபுறமும் கம்பி வலை ஜன்னல், கம்ப்ரசர் பக்கம் இரட்டைச் சுவர் ஆகியவற்றைக் கேட்டார். பட்டறைக்காரருக்குச் சிரிப்பு.

"என்னங்க, லாரி கட்டறோமா, வீடு கட்டறோமா?"

"ரெண்டுந்தானுங்க. பதினாறு வருசம் படுத்தவன் சொல்றேன்" என்றார் அப்பா.

மொத்தச் செப்பனிடும் செலவில் இதற்குப் போனது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் டிரம்மை நிழல் பக்கம் மாற்றினோம். அடுப்பு மேடையை டீசல் பேரலுக்கு எதிர்ப்புறம் கொண்டுபோனோம். இதற்குச் செலவு ஏதுமில்லை. இத்தனை காலம் இதை ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, முதலாளிகள் வண்டியில் படுப்பதில்லை என்றார் சமையற்காரர்.

ஆனால் பரண் எவ்வளவு வசதியானாலும் அது நிற்கும் வண்டிக்குத்தான். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை ஓட்டுநர் உட்பட 3. வேலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேர். மீதி ஏழு பேர் எந்த எழுத்திலும் இல்லை. வண்டி கவிழ்ந்து இழப்பீடு கேட்கப் போனால், வழக்கு இந்த மூன்று என்ற எண்ணிலிருந்துதான் தொடங்கும். ஆய்வுக்குக் காட்டிய நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் இருக்கைகளை எண்ணிவிட்டு, பரணையும் பார்த்துவிட்டு, "ஓடும்போது இதில் ஆள் இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். மாமா அன்றிரவே கணக்குப் போட்டார். மாநிலம் கடக்கும் பயணத்துக்கு இரண்டு வண்டிக்கும் உரிய ஆட்கள் மட்டும் வண்டியில். மற்றவர்கள் ஈரோட்டிலிருந்து ரயிலில். பங்குதாரர் ஒருவர் வீண் செலவு என்று முகம் சுளித்தார். ரயில் டிக்கெட் என்று கணக்கு நோட்டில் ஒரு தலைப்பு திறந்து, முதல் பதிவை நானே எழுதினேன்.

பதிவு 2026 ஜூலை வரை என்று ஆர்.சி.யில் இருந்தது. புதுப்பிக்க 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜூலையில் வடக்கே மழை. வண்டி எப்படியும் ஊரில் நிற்கும், ஒரு நாள் வேலையும் கெடாது. விலை பேசப் போன அன்று புத்தகத்தில் தாம் முதலில் பார்த்தது அந்த மாதத்தைத்தான் என்று அப்பா பிற்பாடு சொன்னார்.