பாட்டனார் எங்கே குடியிருந்தார்?
பல் மருத்துவச் சேர்க்கையும் எல்லைத் தமிழரும்

மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்த ஒரு மாணவியும், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பிறந்த ஒரு மாணவனும் நீட் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றதாக வைத்துக்கொள்வோம். இருவர் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு, இருவருக்கும் பி.டி.எஸ். படிக்க ஆசை. ஆயினும் ஒருவருக்கு இடம் கிடைத்து, மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். காரணம், மதிப்பெண்ணோடு வேறு மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டியிருப்பதுதான்.

முதல் கேள்வி: பிறந்தது எங்கே? அரசு பல் மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. அதற்குச் சொந்த மாநிலம் கேட்பதில்லை. மீதி 85 விழுக்காடு மாநிலத்துக்கு உரியது. மாணவரோ, தாய் தந்தையரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்ததற்குச் சான்று இருந்தால் அவர் 'கேரளீயர்'.

இரண்டாவது: படித்தது எங்கே? கேரளத்தைப் பூர்வீகமாகக் கொள்ளாதவரும் 8 முதல் 12ஆம் வகுப்பு வரை அங்கேயே படித்திருந்தால் மாநிலத் தகுதிப் பட்டியலில் போட்டியிடலாம். ஆனால் சாதி இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் அவருக்குக் கிடையா.

மூன்றாவதுதான் சிக்கலானது: 1950இல் குடும்பம் எங்கே இருந்தது? தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியானது. அதன் பிறகு வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவரின் பிள்ளைகள், கேரளத்தில் பிறந்திருந்தாலும், கேரளத் தாழ்த்தப்பட்டோருக்கான 8 விழுக்காட்டில் பங்கு பெற இயலாது. சாதியின் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் இதே நிலைதான். ஆந்திரத்தில் பழங்குடியினராக இருந்து பம்பாய்க்குக் குடியேறிய ஒரு குடும்பத்து மாணவர், மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை உறுதி செய்தது.

தேயிலைத் தோட்டத் தமிழர் பலரின் முன்னோர் 1950க்கு வெகு முன்பே மலையேறியவர்கள். ஆனால் கம்பெனி லயத்தில் வாழ்ந்தவர்க்குச் சொந்த நிலமில்லை. பட்டாவும் இல்லை, வரி ரசீதும் இல்லை. வரலாறு இருக்கிறது, காகிதம் இல்லை. இதனால் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் தவிப்போர் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் உண்டு. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. கோட்டயத்துக்கோ திருச்சூருக்கோ போக வேண்டும். அங்கு இடம் தவறினால் தனியார் கல்லூரிக் கட்டணம் தோட்டக் கூலிக்கு எட்டுவதாயில்லை.

அப்படியானால் தமிழ்நாட்டுக்குப் போகலாமே என்பீர்கள். பெற்றோர் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்று ஆவணங்களால் நிரூபித்தால் அங்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்க்கே உரியது. மேலும், ஒரே சமயத்தில் இரு மாநிலங்களிலும் பூர்வீகம் கோர முடியாது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்வரை காத்திராதீர்கள். எட்டாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தேடத் தொடங்குங்கள். பாட்டனாரின் எஸ்டேட் வேலைப் பதிவு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புப் பதிவு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி, தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மதிப்பெண்ணைப் பிள்ளை வாங்கட்டும். காகிதத்தைத் தேடுவது நம் பொறுப்பு.