ஈறு சொல்லும் செய்தி



ஓசூருக்கு அருகே சானமாவு என்றோர் ஊர் உண்டு. யானைக் கூட்டங்கள் வந்து தங்கிச் செல்லும் காடு அதனை ஒட்டியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் ஒலிக்கும் பகுதி. பல ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, பல் விளக்கினால் இரத்தம் வருகிறது" என்றான். தலைமையாசிரியனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்னும் எண்ணம் அந்நாளில் எனக்கு இருந்தது. "புண் ஆறும்வரை பிரஷைத் தொடாதே, வாயை மட்டும் கொப்பளி, நெல்லிக்காய் தின்று வா" என்றேன். அவனும் அவ்வாறே செய்தான். இரண்டு திங்கள் சென்றபின் அவன் ஈறுகள் சிவந்து வீங்கிவிட்டன. வாயில் நாற்றமும் கண்டது. பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "பல் விளக்க வேண்டாம் என்று இவனுக்குச் சொன்னவர் யார்?" என்பதே. நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு அன்று விளங்காத காரணம் இதுதான். பல் விளக்கிய சில மணி நேரத்திற்குள்ளேயே பல்லின்மேல் நுண்ணுயிர்கள் ஒரு மென்படலமாகப் படியத் தொடங்குகின்றன. பல்லும் ஈறும் கூடும் விளிம்பு அவற்றிற்கு நல்ல புகலிடம். அவற்றை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு மிகுதியான குருதியை அனுப்புகிறது. குழாய்கள் விரிகின்றன, ஈற்றின் உட்புறத்தோல் நலிகிறது, பிரஷ் பட்டதும் கசிகிறது. ஆகவே பிரஷ் அந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. முன்னரே இருந்த புண்ணைக் காட்டியது. விளக்குவதை நிறுத்தினால் படலம் தடிக்கும். உமிழ்நீரிலுள்ள தாதுப்பொருள் சேர்ந்து காரைபோல் இறுகும். இறுகிய காரையை எந்தப் பிரஷும் நீக்காது.

இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர் ஹரால்ட் லோ என்னும் அறிஞர். டென்மார்க்கு நாட்டில் நடத்தி 1965-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறுடைய 12 பேரைப் பல் விளக்காதிருக்கச் செய்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் விளக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

அவரே பின்னர் இலங்கைக்கு வந்தார். 1970 தொடங்கி 1985 வரை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயை அவர் குழு பலமுறை சோதித்தது. அத்தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழருட் பலர் பழைய சேலம் மாவட்டத்தினர். ஓசூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. எனவே அவர்கள் நமக்கு அயலாரல்லர். அத்தொழிலாளர்க்குப் பல் விளக்கும் பழக்கமும் இல்லை. பல் மருத்துவ வசதியும் இல்லை. அந்த இல்லாமையே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாயிற்று என்றெண்ணும்போது என் மனம் கூசுகிறது. கண்டது என்ன? ஏறத்தாழ அனைவர் ஈறும் அழன்றிருந்தது. ஆயினும் 11 விழுக்காட்டினர்க்கு நோய் அவ்வளவில் நின்றது. 81 விழுக்காட்டினர்க்குப் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைந்தது. எஞ்சிய 8 விழுக்காட்டினர் 45 வயதிற்குள் பற்கள் அனைத்தையும் இழந்தனர். ஈற்றின் அழற்சி முற்றிலும் ஆறும். கரைந்த எலும்போ தானாகத் திரும்பாது. நாம் எப்பிரிவினர் என்பது இளமையில் தெரிவதில்லையே!

நெல்லிக்காயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் 'சி' குறைந்தால் ஸ்கர்வி என்னும் நோயுண்டாகி ஈறு கசியும் என்பது மெய். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஆரஞ்சும் எலுமிச்சையும் அந்நோயைத் தணிப்பதைக் கண்டார். ஆனால் நம்மிடையே காணும் ஈற்றுக் கசிவில் பெரும்பகுதிக்குப் படலமே காரணம். நெல்லிக்காய் படலத்தைச் சுரண்டாது.

மென்மையான பிரஷைப் பல்லும் ஈறும் கூடும் இடத்தில் சற்றே சாய்த்து வைத்து, சிறு அசைவுகளால் இரண்டு நிமிடம் விளக்குக. காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை. வேப்பங்குச்சியை விரும்புவோர் நுனியை நன்றாக மென்று நாராக்கிக்கொண்டு, பல்லின் உட்புறத்தையும் மறவாது தேய்க்க வேண்டும். செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லை அரிப்பன. காரையை மருத்துவர் நீக்கினால் பல் ஆடும் என்று அஞ்சுவோர் நம்மூரில் மிகப்பலர். காரை அகன்றபின் வெளிப்படுவது, நோய் முன்னரே செய்துவைத்த தளர்ச்சியே. இன்னொன்று: புகைபிடிப்போர்க்கு ஈறு அவ்வளவாகக் கசியாது. நிகோடின் குருதிக் குழாய்களைச் சுருக்கி நோயை மறைக்கிறது.

இரண்டு வாரம் ஒழுங்காக விளக்கியும் கசிவு நிற்காவிடில் பல் மருத்துவரைக் காண வேண்டும். தொடாமலே இரத்தம் வருதல், தோலில் காரணமின்றிக் கன்றிய தடங்கள் தோன்றுதல், அவற்றோடு காய்ச்சல் ஆகியவை இருப்பின் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. அது டெங்குவாகவோ இரத்த நோயாகவோ இருத்தல் கூடும்.

சானமாவு மாணவனுக்குக் காரையை நீக்கினார்கள். அன்றிரவே விளக்கத் தொடங்கினான். முதல் மூன்று நாளும் இரத்தம் வந்தது. பயந்தான், ஆயினும் விடவில்லை. ஒன்பதாம் நாள் காலை வகுப்பிற்குள் நுழையுமுன் என் அறை வாயிலில் நின்று, "இன்று வரவில்லை, ஐயா" என்றான்.