கேட்காத பார்சலுக்குக் காசு கேட்டால்

நீங்கள் கேட்டு வாங்காத பொருளுக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வாசலில் நின்று கேட்டாலும் சரி, பின்னாலேயே பில் அனுப்பினாலும் சரி, 'ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் வாங்கிக்கொண்டதாகக் கருதப்படும்' என்று பெட்டிக்குள் சீட்டு வைத்து மிரட்டினாலும் சரி. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் பொருளைப் பிரித்துப் பயன்படுத்திவிட்டால் நிலைமை மாறிவிடும். அந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள்.

சென்னை கோட்டூர்புரத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் புரியும். சித்ரா நகர், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், ஆற்றோரத் தெருக்கள் என எங்கும் பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். காலை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். "அம்மா, சார் பேர்ல பார்சல். ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது ரூபா. கேஷா, ஜிபேயா?" பெயர், முகவரி, 600085 என்ற பின்கோடு எல்லாம் சரியாக இருக்கும். பையன்தான் ஏதோ போட்டிருப்பான் என்று நினைத்து அம்மா பணத்தைக் கொடுத்துவிடுவார். வீடு பூட்டியிருந்தால் வாட்ச்மேன் தன் கைக்காசைக் கொடுத்து வாங்கி வைத்திருப்பார். மாலையில் பிரித்தால் உள்ளே ஒரு மட்டமான பிளாஸ்டிக் டார்ச்சோ யாருக்கும் சேராத செருப்போ இருக்கும். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற கணக்கில்தான் இந்தத் தொகையை வைக்கிறார்கள்.

ஏமாற்று பழையது, வழிதான் புதிது. இந்திய அஞ்சல் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கி, அனுப்பியவருக்குச் சேர்ப்பார். இதில் என்ன தில்லுமுல்லு நடக்கும் என்பது அன்றே தெரிந்திருந்தது. உண்மையான ஆர்டர் வந்ததால்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவரிடம் உறுதிமொழி வாங்கவும், மோசடி என்றால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்துப் பெற்றவருக்கே திருப்பித் தரவும் விதி செய்ய 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் இடம் கொடுத்தது. இன்று கூரியர்காரரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று ஆகிவிடாதா? ஆகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. அதன்படி ஒருவர் முன்வைத்ததை மற்றவர் ஏற்றதாகச் சொல்ல வேண்டும், அல்லது செயலால் காட்ட வேண்டும். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1862-ல், லண்டனில் ஒரு குதிரை வழக்கு நடந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 'இனி உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் குதிரை எனக்குத்தான்' என்ற பொருளில் ஒருவர் தன் உறவுக்காரப் பையனுக்குக் கடிதம் எழுதினார். பையன் பதில் போடவில்லை. பையனுக்காக ஏலம் நடத்தியவர் தவறுதலாக அந்தக் குதிரையையும் விற்றுவிட்டார். என் குதிரையை விற்றுவிட்டாய் என்று கடிதம் எழுதியவர் ஏலக்காரர்மேல் வழக்குப் போட்டார். பதில் வராததை வைத்து ஒப்பந்தம் பிறக்காது என்று தீர்ப்பானது. 'ஏழு நாளுக்குள்' சீட்டுக்கும் இதே பதில்தான். உங்கள் மௌனத்துக்கு விலை வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

அப்படியானால் பொருளை நாமே வைத்துக்கொள்ளலாமா? இணையத்தில் தேடினால், வைத்துக்கொள்ளுங்கள், அது பரிசு என்றே பதில் வரும். அது அமெரிக்காவுக்குப் பொருந்தும். கேட்காமல் தபாலில் வந்த பொருளைப் பரிசாகவே கருதலாம் என்று அங்கே 1970-ல் சட்டம் போட்டார்கள். பிரிட்டனும் 1971-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம்மிடம் அதுபோல ஒன்று இல்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. இலவசமாகத் தரும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி கொடுத்த பொருளின் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும், அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது: வியாபாரி தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்கிறார், ஆகவே அவர் பணம் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் பி.கே. மண்டல் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கியது. ஏற்க மறுக்கவும் திருப்பித் தரவும் ஒருவருக்கு எப்போதும் உரிமை உண்டு, விரும்பி ஏற்றுக்கொண்டால்தான் பொறுப்பு வரும். ஏமாற்றுக்காரன் இந்தப் பிரிவைச் சொல்லி நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை. ஆனாலும் அவனுக்கு அந்த வாய்ப்பைக்கூட ஏன் கொடுக்க வேண்டும்? பெட்டியை அப்படியே ஓரமாக வையுங்கள்.

வாசலிலேயே மறுப்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது. "தம்பி, இது நாங்க ஆர்டர் பண்ணலை, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றால் போதும். கொண்டுவந்தவர்மேல் கோபப்படாதீர்கள், அவருக்கு இதில் எதுவும் தெரியாது. 'கேன்சல் பண்ண ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க' என்றாலோ, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னாலோ செய்யாதீர்கள். அந்த எண் உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறொருவருக்குத் திருப்பிவிடக்கூடும். வாங்க மறுப்பதற்கு உங்கள் ஓ.டி.பி. எதற்கு? வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: போனில் கேட்காமல் யாரும் எங்களுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஏதாவது ஆர்டர் போட்டால் முதலிலேயே பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கும் தகவல் சொல்லிவிடட்டும். அப்புறம் வாசலில் காசு கேட்கும் எந்தப் பார்சலும் நம்முடையது அல்ல என்று பெரியவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் அன்றைக்கே செயல்படுங்கள். வசூலான பணம் கூரியர் நிறுவனத்திடம் சில நாள் இருந்துவிட்டுத்தான் அனுப்பியவருக்குப் போகும். பார்சல் மேலே ஒட்டிய லேபிளைக் கிழிக்காமல் படம் எடுங்கள். அதில் அனுப்பியவர் பெயர், கண்காணிப்பு எண் எல்லாம் இருக்கும். கூரியரின் வாடிக்கையாளர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் ஏராளம். நிறுவனத்தின் செயலியிலோ சொந்த இணையதளத்திலோ பாருங்கள். கூரியர் நிறுவனத்துக்கும் அனுப்பியவருக்கும் மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்:

'இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள பார்சல் என் முகவரிக்கு வந்தது. இதை நானோ என் வீட்டிலுள்ளவர்களோ கேட்கவில்லை. பொருள் பயன்படுத்தப்படாமல் அப்படியே உள்ளது. 15 நாளுக்குள் உங்கள் செலவில் எடுத்துச்செல்லவும். என்னிடம் வசூலித்த தொகையைத் திருப்பித் தரவும். அதுவரை அனுப்பியவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.'

பில் மட்டும் வந்து பணம் இன்னும் கொடுக்காதவர்கள் கடைசி இரண்டு வரிகளை மாற்றி, 'எதுவும் தர வேண்டியதில்லை' என்று எழுதுங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேட்காமல் தபாலில் வந்து பில்லும் போடும் பொருள்களில் கனமானது கிரெடிட் கார்டு. இதற்கு மட்டும் நம் நாட்டில் கறாரான விதி இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, கேட்காத கார்டை வங்கி அனுப்பவே கூடாது. சம்மதமில்லாமல் கார்டு கொடுத்து, அதை இயக்கி, கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தை உடனே ரத்து செய்ய வேண்டும். அதோடு ரத்தான தொகையைப் போல இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் தர வேண்டும். 'ஆண்டுக் கட்டணம் 499' என்று பில் வந்தால் சும்மா ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். பார்சலுக்கும் இதேபோல இரட்டிப்பு அபராதம் வந்தால் பாதி மோசடி நின்றுவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

காசே கேட்காமல் வரும் பார்சலும் உண்டு. உங்கள் பெயரில் போலி விமர்சனம் எழுத அது பயன்படுகிறது. உள்ளே இருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யாமல் இருந்தால் போதும்.

பார்சல் பற்றி எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். யு.பி.ஐ. வழியாகப் பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனுவை இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.