நீர்வழி விடுமுறை – 11: மலையேறும் கப்பல்

இந்த வாரம் நதிக்கப்பலின் சமையலறைக்குள் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். கடல் கப்பல்களைச் சுற்றி முடித்து, ஆம்ஸ்டர்டாமில் கப்பல் மாறி, ரைன் வழியே வந்து மைன் ஆற்றுக்குள் திரும்பியது வரை தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சமையலறை எங்கும் போய்விடாது. ஆனால் பாம்பெர்க் நகரைத் தாண்டியதும் கப்பல் மலையேறத் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

மலை என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பாம்பெர்குக்கும் கெல்ஹைமுக்கும் நடுவே 171 கிலோமீட்டர் நீளத்துக்கு மைன்-டான்யூப் கால்வாய் ஓடுகிறது. அதன் உச்சிப் பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கோயம்புத்தூர் ஏறக்குறைய அதே உயரம். வடகடல் பக்கமிருந்து புறப்பட்ட கப்பல் பயணிகளோடும் படுக்கைகளோடும் பியானோவோடும் அவ்வளவு உயரம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கருங்கடலுக்குப் போகிற ஆற்றில் சேர்கிறது. ஐரோப்பாவில் கடலிலிருந்து புறப்படும் பெரிய கப்பல் எட்டக்கூடிய ஆக உயரமான இடம் இதுவே.

ஏற்றிவிடுகிற வேலையைச் செய்பவை லாக்குகள். இரண்டு பக்கமும் கதவு வைத்த நீளமான கான்கிரீட் அறை. கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவு மூடும். அறையில் தண்ணீர் ஏறும், கூடவே கப்பலும் ஏறும். மேல்மட்டத்தைத் தொட்டதும் முன்கதவு திறக்கும். மைன் ஆற்றில் இப்படி 34 லாக்குகள் இருக்கின்றன. கால்வாயில் இன்னும் 16. வடக்கிலிருந்து ஏறும்போது 11 லாக்குகளில் 175 மீட்டர் ஏற்றம், பிறகு தெற்கே 5 லாக்குகளில் 68 மீட்டர் இறக்கம்.

நதிக்கப்பல்களை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் இந்த லாக்குகள்தான் என்பேன். கால்வாயின் லாக் அறை 12 மீட்டர் அகலம். அதனால் கப்பல் 11.4 மீட்டர் அகலத்தைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது முப்பது சென்டிமீட்டர். அறையின் நீளம் 190 மீட்டர், கப்பல் 135 மீட்டருக்குள் அடங்கிவிடும். பாலங்களுக்கு அடியில் கிடைக்கிற இடைவெளி ஆறு மீட்டர்தான். ஆகவே மாடிமேல் மாடி கட்ட வழியில்லை. மேல்தளத்தில் பந்தலும் கைப்பிடிக் கம்பிகளும் மடங்கிப் படுக்க வேண்டும். கேப்டன் நிற்கிற கண்ணாடி அறையே ஹைட்ராலிக்கில் கீழே இறங்க வேண்டும். கடல் கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் ஏற, நதிக்கப்பலில் இருநூறு பேரைத் தாண்டுவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சுவர்கள். ஒரே வாரத்தில் எல்லா முகங்களும் பழகிவிடுவதும் இந்தச் சுவர்களால்தான்.

உள்ளே நுழைவதைப் பார்க்க வேண்டும். கேப்டன் நடு அறையை விட்டு, கப்பலின் ஓரத்தில் இருக்கும் சின்ன இயக்குப் பலகைக்கு வந்து நின்றுகொள்கிறார். அங்கிருந்து நேர் கீழே பார்த்தால் கப்பலின் விளிம்பும் சுவரும் தெரியும். நம் ஊர்த் தேர் வீதி முனையில் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாரே, அவருடைய கவனம்தான் இவருக்கும். கப்பல் நடை வேகத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. கேபின் ஜன்னலில் இருந்த மரங்களும் வானமும் போய், ஈரம் சொட்டுகிற சுவர் வந்து நிற்கிறது. பாசி படிந்த கோடுகள், கான்கிரீட் வார்த்த பலகைகளின் தடம், சுவரோடு பதித்த இரும்பு ஏணி எல்லாம் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில். (நீட்டாதீர்கள். கப்பலில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், சொல்வது நியாயம்.) ஊழியர் ஒருவர் கயிற்றை இரும்புக் குற்றியில் மாட்டுகிறார். எங்கோ அடியில் மதகு திறக்கிறது. சத்தம் அதிகமில்லை. பாசிக்கோடுகள் ஒவ்வொன்றாகக் கீழே போவதைக் கவனித்தால்தான் நாம் மேலே போய்க்கொண்டிருப்பது தெரிகிறது.

லேயர்ஸ்டெட்டன், எக்கர்ஸ்மியூலன், ஹில்போல்ட்ஸ்டைன் என்று நியூரம்பெர்குக்குத் தெற்கே அடுத்தடுத்து மூன்று பெரிய லாக்குகள். ஒவ்வொன்றும் கப்பலை ஒரே மூச்சில் 24.67 மீட்டர் தூக்குகிறது. எட்டு மாடி உயரம். பனாமா கால்வாயில் கடல் மட்டத்திலிருந்து காட்டூன் ஏரிக்கு 26 மீட்டர் ஏற மூன்று படி தேவைப்படுகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால் இதன் வீரியம் புரியும்.

இனி, இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 190 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 24.67 மீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள். ஒரு கப்பலை ஒரு முறை தூக்க ஏறக்குறைய 56 ஆயிரம் கன மீட்டர், அதாவது 5 கோடியே 60 லட்சம் லிட்டர் தண்ணீர். உச்சியிலோ எந்த ஆறும் இல்லை. அங்கே இருக்கிற தண்ணீரில் பெரும்பகுதி தெற்கே டான்யூப் பக்கமிருந்து படிப்படியாகப் பம்பு வைத்து ஏற்றியது. கப்பல் கடக்கும்போதெல்லாம் அத்தனையையும் கீழே திறந்துவிட்டால் கட்டுப்படியாகுமா?

நான் போன கப்பலில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள், அவள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாளாம். பணிக்காலம் முழுக்க மதகு, ஷட்டர், முறைப்பாசனம் என்று இருந்த மனிதர். நியூரம்பெர்கில் மற்றவர்கள் பஸ் ஏறி ஊர் பார்க்கப் போனபோது இவர் இறங்கவில்லை. லாக் நெருங்கினால் யாரும் சொல்லாமலே மேல்தளத்துக்கு வந்துவிடுவார். லேயர்ஸ்டெட்டனில் பக்கத்துக் கரையைக் காட்டி, “தம்பி, அந்த மூணு தொட்டியப் பாத்தீங்களா? படி மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கு பாருங்க” என்றார்.

“ஏதாவது சேமிப்புக் குளமா சார்?”

“குளம் இல்ல தம்பி. அதுதான் இங்க சூட்சுமமே” என்று காபிக் கோப்பைக்கு அடியில் இருந்த காகிதத்தை உருவி, ஐந்து பட்டை கோடு போட்டார். லாக் அறையில் இருக்கிற தண்ணீரை ஐந்து சம அடுக்காக நினைத்துக்கொள்ள வேண்டும். அறையைக் காலி செய்யும்போது மேல் அடுக்குத் தண்ணீர் தானாக வழிந்து முதல் தொட்டிக்குப் போகிறது. அந்தத் தொட்டி ஓர் அடுக்கு தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது அடுக்கு இரண்டாவது தொட்டிக்கு, மூன்றாவது அடுக்கு மூன்றாவது தொட்டிக்கு. கடைசி இரண்டு அடுக்கை மட்டும் கீழ்க்கால்வாயில் விடுகிறார்கள். அடுத்த கப்பலைத் தூக்க அறையை நிரப்பும்போது ஆகக் கீழே இருக்கும் தொட்டியை முதலில் திறக்கிறார்கள், பிறகு நடுத்தொட்டி, பிறகு மேல்தொட்டி. ஐந்தில் மூன்று பங்கு நிரம்பிவிடும். மீதி இரண்டு பங்குதான் உச்சியிலிருந்து வர வேண்டும்.

“ஒவ்வொரு அடுக்கும் தொட்டிக்குப் போகையில ஒரு படி எறங்குது, திரும்ப அறைக்கு வர்றப்ப இன்னொரு படி எறங்குது. ஆக ரெண்டு படிதான் நஷ்டம். அஞ்சுல ரெண்டு. மோட்டாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அத்தனையும் புவியீர்ப்பு” என்றார். அந்தக் காகிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இதை எழுதும்போது கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன், துல்லியமாக வருகிறது. அறுபது சதவீதத் தண்ணீர் மிச்சம். கால்வாயின் 16 லாக்குகளில் 13 இந்த முறையில் கட்டப்பட்டவை.

கடல் கப்பல் ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2016 ஜூனில் பனாமாவில் திறந்த புதிய பெரிய லாக்குகளிலும் அறைக்கு மூன்று தொட்டி வீதம் இதே ஏற்பாடுதான், சேமிப்பும் அதே அறுபது சதவீதம். 1914-இல் திறந்த பழைய பனாமா லாக்குகளில் இது இல்லை. அங்கே ஒரு கப்பல் கடந்தால் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023 வறட்சியில் காட்டூன் ஏரி இறங்கிப்போய், கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தது. பனாமா வழியே உல்லாசப் பயணம் போகிறவர்கள் தங்கள் கப்பல் எந்த லாக்கில் நுழைகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டிகளைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த நாள் வேறு மாதிரி இருக்கும்.

மறுபடி பவேரியா. மைனையும் டான்யூபையும் இணைக்கும் ஆசை பழசு. 793-இல் மன்னர் சார்லமேன் ஆல்ட்மியூல் ஆற்றையும் ஸ்வேபியன் ரெட்சாட் ஆற்றையும் சேர்க்க வெட்டிய பள்ளம் இன்றும் தண்ணீரோடு கிடக்கிறது. மழையும் சரிகிற மண்ணும் அந்த வேலையை நிறுத்திவிட்டதாகப் பழைய அரசக் குறிப்புகள் சொல்கின்றன. அங்கே தோண்டியெடுத்த ஓக் மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, அவை வெட்டப்பட்டது அதே 793 என்று உறுதியானது. பிறகு பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1836 முதல் 1846 வரை நூறு லாக்குகளோடு ஒரு கால்வாய் கட்டினார். ரயில் வந்து அதன் தொழிலைப் பறித்தது, 1950-இல் கைவிட்டார்கள். இப்போதிருக்கும் கால்வாய் 1992 செப்டம்பர் 25 அன்று திறக்கப்பட்டது.

சும்மா கிடைத்த கால்வாய் அல்ல இது. பாபேல் கோபுரத்துக்குப் பிறகு இத்தனை மடத்தனமான திட்டம் இல்லை என்று மேற்கு ஜெர்மனியின் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஃபோல்கர் ஹௌஃப் 1980-களின் தொடக்கத்தில் சாடினார். ஆல்ட்மியூல் பள்ளத்தாக்கின் ஈரநிலங்கள் அழிவதை எதிர்த்துச் சூழல் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. கருங்கடல் பக்கத்து உருண்டை கோபி மீனும் சில இறால்வகை உயிரினங்களும் நீர்வழி திறந்த பிறகு ரைனுக்குள் வந்து பெருகி, அங்கிருந்த உயிர்களை நெருக்குகின்றன. எதிர்பார்த்த அளவு சரக்கும் வரவில்லை. யாரும் பெரிதாக எண்ணியிராத பயணிக் கப்பல்கள்தான் வந்து இடத்தைப் பிடித்தன. அதே கால்வாய், தண்ணீர் வளம் மிகுந்த தெற்கிலிருந்து வறண்ட வட பவேரியாவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 12 கோடி கன மீட்டர் அளவில் தண்ணீரும் கொண்டுபோகிறது. 1970-இல் பவேரியச் சட்டமன்றம் எடுத்த முடிவு அது. நதிநீர் இணைப்பு என்று கேட்டே வளர்ந்த நமக்கு அந்தத் தண்ணீர்மேல் மிதந்துபோவது சாதாரண அனுபவமாக இருக்க முடியாது. தஞ்சாவூர்க்காரர் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வேறெதையும் பேசவில்லை.

இவ்வளவும் சொல்வது ஒரு காரணத்துக்காக. பயணத் திட்ட அட்டையில் இந்த நாளுக்கு எதிரே பெரும்பாலும் ‘கால்வாய்ப் பயணம்’ என்று ஒற்றை வரி இருக்கும். லாக்குகளை இரவில் கடந்துவிடுவார்கள், அல்லது பயணிகளைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் கப்பல் தனியாக ஏறும். பத்து நாளில் பத்து ஊர் பார்க்க வேண்டும் என்று வருகிற நம்மவர்கள் அதை ஏற்றுக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். வரவேற்பு மேசையில் கேட்டால் அன்றைய லாக்குகளின் உத்தேச நேரத்தைத் தருவார்கள். சரக்குப் படகு முன்னால் காத்திருந்தால் தள்ளிப்போகும், அதனால் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேளுங்கள். மேல்தளம் மூடியிருந்தால் கப்பலின் முன்முனைக்குப் போங்கள். இரவென்றால் இன்னும் நல்லது, லாக்கின் விளக்குகளில் சுவர் தெளிவாகத் தெரியும். ஆக அடித்தள கேபினை மலிவென்று எடுத்தவர்கள் வருந்த வேண்டாம். எந்தக் கேபினில் இருந்தாலும் சுவர் ஒன்றுதான், ஏறுகிற உயரமும் ஒன்றுதான்.

ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கை விட்டு வெளியே வந்ததும் உச்சிக்கால்வாய். பைன் மரக் காடுகள், கரையோரப் பாதையில் கப்பலை முந்திக்கொண்டு போகும் சைக்கிள்காரர்கள். பாஹௌசன் லாக் வருவதற்குள் கரையில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கும். அதற்கு இந்தப்பக்கம் பெய்கிற மழை மைன், ரைன் வழியாக வடகடலுக்கு, அந்தப்பக்கம் பெய்வது டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு. ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். வலது இடது எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் கெல்ஹைமில் டான்யூபில் இறங்குகிறோம். அங்கே கிலோமீட்டர்க் கணக்கு கடல்முனையில் பூஜ்யமாகத் தொடங்கி மேலே ஏறுவது, ரேகன்ஸ்பர்கின் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், கோடையில் தண்ணீர் வற்றினால் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி இன்னொரு கப்பலுக்கு மாற்றுகிற கதை எல்லாம் காத்திருக்கின்றன. சமையலறையும்தான். சைவச் சாப்பாடு கிடைக்குமா, முதல் நாளே யாரிடம் என்ன சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிய வாசகர்களின் கடிதங்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

(தொடரும்)