கடிக்காது, கொட்டாது... ஆனா கண்ணைப் பறிக்கும்! திண்டுக்கல்லை மிரட்டிய மஞ்சள் எறும்பை விரட்டுவது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் உள்ள கரந்தமலை அடிவார கிராமங்கள், 2022 ஆகஸ்ட்டில் திடீரென உலகச் செய்தியாகின. காரணம், யானையோ சிறுத்தையோ இல்லை. எறும்பு!

காட்டுப் பக்கம் காலை வைத்தால் உடம்பெல்லாம் ஏறுகிறது, தோலில் எரிச்சலும் கொப்புளமும் வருகிறது, ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்படுகிறது, பாம்பும் முயலும்கூட செத்துக் கிடக்கின்றன என்று மலையைச் சுற்றியுள்ள 7 கிராமங்களின் மக்கள் புகார் சொன்னார்கள். மலையடிவாரத்தில் குடியிருந்தவர்களில் சிலர் வீட்டையே காலி செய்துவிட்டு ஊருக்குள் வந்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன.

அப்போது பலரும் கேட்ட கேள்வி இதுதான்: "எறும்புதானே... பொடி போட்டா போயிடாதா?"

போகாது. ஏன் போகாது, அப்படியானால் என்னதான் செய்வது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன எறும்பு?

ஆங்கிலத்தில் 'எல்லோ கிரேசி ஆன்ட்' என்று பெயர். தமிழில் 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' என்கிறார்கள். அறிவியல் பெயர், அனோப்லோலெபிஸ் கிரேசிலிபெஸ்.

நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளமான கால்கள், நீளமான உணர்கொம்புகள். தொந்தரவு செய்தால் திசை தெரியாமல் தாறுமாறாக ஓடும். அதனால்தான் இந்தப் பெயர்.

உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் தரப்பில் வெளியிடப்பட்ட பட்டியலில் இதுவும் ஒன்று.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: மா, கொய்யா மரங்களில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முசுறு இதைவிடப் பெரியது, ஆரஞ்சு நிறம், 'வெடுக்'கெனக் கடிக்கும். ஆனால், பல பூச்சிகளை வேட்டையாடித் தோட்டத்துக்கு நன்மை செய்யும் எறும்பு அது. மஞ்சள் எறும்பு இலைக்கூடு கட்டாது. மண் வெடிப்பு, காய்ந்த சருகு, கல் இடுக்கு, மரப்பொந்து, பைப் என்று கிடைத்த இடத்தில் குடியேறும்.

நெருப்பெறும்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. நெருப்பெறும்புக்குக் கொடுக்கு உண்டு. கொட்டி விஷத்தை இறக்கும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்பு நெருப்பெறும்பு, 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மொபைல் துறைமுகம் வழியாக நுழைந்து தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 2001இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

மஞ்சள் எறும்புக்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. அதன் ஆயுதம் வேறு.

கடிக்காத எறும்பு எப்படி கண்ணைப் பறிக்கும்?

வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி அடிக்கும். ஒரு எறும்பு அடித்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஏறி அடித்தால்?

மனிதர்கள் தட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி, அப்போதுதான் பிறந்த கன்று, கூண்டில் இருக்கும் கோழிக்குஞ்சு ஆகியவற்றால் நகர முடியாது. கண், மூக்கு, வாய் போன்ற ஈரமான இடங்களில்தான் எறும்பு மொய்க்கும். அங்கேதான் அமிலமும் அதிகம் பாதிக்கும்.

பொடி போட்டும் ஏன் போகவில்லை?

இதற்கு 3 காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ராணிகள். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். வெளியே ஓடுவது இரை தேடும் வேலைக்கார எறும்புகள் மட்டுமே. பொடியில் சாவது அவைதான். உள்ளே இருக்கும் ராணிகள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, 'சூப்பர் காலனி'. சாதாரணமாக, பக்கத்துப் புற்று எறும்பைக் கண்டால் எறும்புகள் சண்டை போடும். இந்த எறும்பு அப்படி இல்லை. அடுத்தடுத்த கூடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு போலப் பழகி, ஏக்கர் கணக்கில் ஒரே பெரிய குடும்பமாகிவிடும். ஒருவர் தன் தோட்டத்தில் மட்டும் மருந்து அடித்தால், சில வாரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மறுபடி வந்துவிடும். கூட்டைக் கலைத்தால் ராணியைக் கூட்டிக்கொண்டு வேலைக்காரர்கள் வேறு இடத்துக்கு நடையைக் கட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, நாமே செய்யும் தவறு. நிலம் முழுக்க அடிக்கும் பூச்சிக்கொல்லி, முசுறு, பொறிவண்டு, சிறு குளவிகள் என நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்லும். அவை போனால் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் பெருகும். அவைதான் மஞ்சள் எறும்பின் சாப்பாட்டுக் கடை!

சாப்பாட்டுக் கடையா?

ஆமாம். மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி எல்லாம் செடியின் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற இனிப்புக் கழிவை வெளியேற்றும். இலையில் பிசுபிசுப்பாக இருப்பதும், பிறகு அதன் மேல் கரும்பூசணம் படர்வதும் இதனால்தான்.

இந்த இனிப்புதான் பெரும் எறும்புக் கூட்டத்துக்கு எரிபொருள். பதிலுக்கு எறும்பு அந்தப் பூச்சிகளுக்குக் காவல் காக்கும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். ஆக, எறும்பு கூடினால் மாவுப்பூச்சி கூடும். மாவுப்பூச்சி கூடினால் எறும்பு கூடும். விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி.

கிறிஸ்துமஸ் தீவு சொல்லும் பாடம்

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு, சிவப்பு நண்டுகளுக்குப் பேர்போனது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மஞ்சள் எறும்பு அங்கே போய்விட்டது. ஆனால், பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்தது. 1989இல்தான் முதல் சூப்பர் காலனி கண்ணில் பட்டது. அதன்பின் ஒரு சதுர மீட்டரில் 2,000க்கும் மேற்பட்ட எறும்புகள் என்ற அளவுக்குப் போனது. 1 கோடிக்கும் அதிகமான நண்டுகள் செத்தன.

2002, 2009, 2012 ஆண்டுகளில் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவினார்கள். எறும்பு எண்ணிக்கை 'மளமள'வெனச் சரிந்தது. ஆனால், சில வருடங்களில் மறுபடி சூப்பர் காலனிகள் முளைத்தன. எத்தனை முறை விஷம் போடுவது?

எனவே, எறும்பை விட்டுவிட்டு அதன் சாப்பாட்டைக் குறிவைத்தார்கள். அங்கே எறும்புக்கு இனிப்புக் கொடுத்தது மஞ்சள் அரக்குப் பூச்சி. அதற்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும், வெறும் 2 மில்லிமீட்டர் அளவுள்ள குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து, பல வருட சோதனைக்குப் பிறகு 2016 டிசம்பரில் காட்டுக்குள் விட்டார்கள். அந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. தீவில் அது நிலைபெற்றுப் பரவியும் விட்டது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல!

2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என எதையும் விடாமல் வெள்ளையாக அப்பிக்கொண்டது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது.

அதாவது, மாவுப்பூச்சியை மருந்து இல்லாமல் அடக்கும் வித்தை நமக்குத் தெரிந்ததுதான். எறும்பு விஷயத்திலும் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

சரி, விஷ இரை எப்படி வேலை செய்கிறது?

பொடியும் ஸ்பிரேயும் பட்டவுடனே கொல்லும். விஷ இரை அப்படிக் கொல்லக் கூடாது. மெதுவாகத்தான் கொல்ல வேண்டும். எறும்பு அதைச் சாப்பாடு என்று நம்பிக் கூட்டுக்குத் தூக்கிப் போய், வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்கும் ராணிக்கும் ஊட்ட வேண்டும். அதுவரை தூக்கிப் போகும் எறும்பு சாகக் கூடாது.

கிறிஸ்துமஸ் தீவில் போட்ட இரையில் ஃபிப்ரோனில் வெறும் 0.01 சதவீதம்தான். நம்ம ஊர் உரக்கடையில் நெற்பயிருக்கு விற்கும் ஃபிப்ரோனில் குருணையில் 0.3 சதவீதம். 30 மடங்கு அதிகம்! 'ஸ்ட்ராங்கா போட்டா சீக்கிரம் சாகும்' என்று அதைச் சர்க்கரையில் கலந்து வைத்தால், வழியிலேயே எறும்பு செத்துவிடும். ராணி பிழைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஃபிப்ரோனில் தேனீ, மீன், இறால், நண்டுக்குக் கடும் விஷம். கிணறு, கண்மாய் ஓரத்தில் போட்டால் ஆபத்து.

எனவே, வீட்டிலேயே விஷம் கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம். எந்த இரை, எவ்வளவு, எப்போது என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோட்டத்தில் இப்போதே செய்யக்கூடியவை

• எண்ணிப் பாருங்கள்: ஒரு வெள்ளை அட்டையைத் தரையில் வைத்து, 30 விநாடியில் எத்தனை எறும்பு ஏறுகிறது என்று எண்ணுங்கள். தோட்டத்தில் 10 இடங்களில் செய்து நோட்டில் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணினால், கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும்.

• மரத்துக்கு வேலி: மா, தென்னை போன்ற மரங்களின் தண்டில் ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவக் கூடாது. தரையைத் தொடும் கிளை, பக்கத்து மரத்தைத் தொடும் கிளையைக் கவாத்து செய்யாவிட்டால் எறும்பு அந்த வழியில் ஏறிவிடும்.

• மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள்: அதிகம் தாக்கிய கிளையை வெட்டி அகற்றுங்கள். எறும்பு ஏறாத மரத்தில் பொறிவண்டும் குளவியும் தாமாகவே வேலையைப் பார்க்கும்.

• ஒளியுமிடத்தை அகற்றுங்கள்: கொட்டகையைச் சுற்றியுள்ள மட்டைக் குவியல், பழைய ஓடு, உடைந்த பைப் இவையெல்லாம் எறும்புக்கு வீடு.

• வண்டியில் ஏற்றாதீர்கள்: இந்த எறும்பு தானாக மெதுவாகத்தான் நகரும். தூரத்து ஊருக்குப் போவது நாம் கொண்டுபோகும் மண், நாற்று, தொட்டிச்செடி, வைக்கோல், விறகு மூலமாகத்தான். பாதித்த இடத்திலிருந்து இவற்றை வெளியே எடுத்துப் போகாமல் இருப்பதே பெரிய உதவி.

ஆடு மாடுகளுக்கு என்ன பாதுகாப்பு?

இளங்குட்டி, கன்று, குஞ்சுகளை இரவில் தரையில் விடாமல், உயரமான பரண் கொட்டகையில் அடைப்பது நல்லது. பரணின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்தலாம். வெல்லப் பானையைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் பாட்டிகளின் அதே டெக்னிக்தான்.

கண்ணில் அமிலம் பட்டால், மனிதரானாலும் கால்நடையானாலும், தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

முழுசா ஒழிக்க முடியுமா?

முடிந்த இடம் ஒன்று உண்டு. பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் தீவில் இந்த எறும்பு கடற்பறவைகளின் கண்ணைப் பறித்தது. 2010இலிருந்து சிறு சிறு குழுக்கள் மாறி மாறி அங்கேயே தங்கி, பூனை உணவும் சர்க்கரைப் பாகும் கலந்த விஷ இரை வைத்தன. கடைசியில் மோப்ப நாய்களைக் கொண்டும் தேடிப் பார்த்துவிட்டு, 2021இல் எறும்பு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அது மக்கள் வசிக்காத குட்டித் தீவு. அதற்கே 10 வருடத்துக்கும் மேல் ஆனது.

கரந்தமலை தீவு இல்லை. ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் வயலும் தோப்பும். காட்டுக்குள் விவசாயி இரை வைக்க முடியாது. தோப்புக்குள் வனத்துறை மட்டும் வேலை செய்தும் பயனில்லை. வனத்துறை, வேளாண்துறை, கால்நடைத் துறை, ஊராட்சி எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே திட்டத்தில் இறங்கினால்தான் சூப்பர் காலனி உடையும். வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் எறும்புக்குக் கிடையாது. அதை எதிர்ப்பவர்களுக்கும் இருக்கக் கூடாது.

உங்கள் ஊரில் இப்படி எறும்பு பெருகியிருந்தால், அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ, திண்டுக்கல் மாவட்டத்தினர் காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தகவல் சொல்லலாம். கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண்: 1800-180-1551. ஒரு சின்ன டப்பாவில் நாலு எறும்பைப் பிடித்துக் கொண்டுபோனால், எது என்று அடையாளம் காண்பது இன்னும் சுலபம்.